காலிக் கட்டம் என்ன சொல்கிறது?

ஒரு கிளினிக்கில் முதன்முறையாகப் பதிந்துகொள்ள வருபவரிடம் முகப்பில் ஒரு பாரத்தை நீட்டுவார்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றை எல்லாரும் தயங்காமல் நிரப்பிவிடுகிறார்கள். அதற்குக் கீழே வரும் கேள்விகளில்தான் பேனா நின்றுவிடுகிறது. ஆஸ்துமா உண்டா? கடைசியாக அறுவை சிகிச்சை செய்துகொண்டது எப்போது? எந்த மருந்தாவது உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? பலர் இவற்றைக் காலியாக விட்டுவிட்டுப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பாரம் காகிதமாக இருக்கும் வரையில் இது பெரிய சிக்கல் அல்ல. எதிரில் இருக்கும் தாதி, "ஏன் இதை எழுதவில்லை?" என்று கேட்டுவிடலாம். அதே பாரம் கணினிக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. சில ஆண்டுகள் கழித்து ஒரு நள்ளிரவில், அதே நோயாளிக்குப் பெனிசிலின் ஊசி போடலாமா என்று வேறொரு மருத்துவர் திரையைப் பார்க்கிறார். ஒவ்வாமை என்ற கட்டம் காலியாக இருக்கிறது. இவருக்கு ஒவ்வாமை இல்லை என்று பொருளா? அல்லது இவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்று பொருளா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது வழக்கு. மருத்துவப் பதிவில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்தக் காலிக் கட்டத்துக்கு என்ன பொருள் என்பதை நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவர் தீர்மானிக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பே, தரவுத்தளத்தின் அட்டவணையை வடிவமைத்தவர் அதைத் தீர்மானித்திருக்க வேண்டும். காலிக் கட்டங்கள் மிகுந்த தகவலை எப்படிச் சேமிப்பது என்பது கணினித் துறையில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வி. அதற்கு ஒன்றல்ல, பல விடைகள் உள்ளன. ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலையும் உண்டு.

அட்டவணை பிறந்த கதை

இன்று வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், விமான நிறுவனம் என எங்கு பார்த்தாலும் பயன்படுவது உறவுநிலைத் தரவுத்தளம். இதற்கு அடித்தளமிட்டவர் எட்கர் காட் என்ற கணிதவியலாளர். இங்கிலாந்தில் பிறந்த இவர், அமெரிக்காவின் சான் ஹொசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1970ஆம் ஆண்டில் இக்கோட்பாட்டை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

கோட்பாடு எளிமையானது. எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வைக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயருக்கு ஒரு பத்தி, பிறந்த தேதிக்கு ஒரு பத்தி. அட்டவணையில் உள்ள எல்லா வரிகளுக்கும் ஒரே பத்திகள்தாம். இந்த ஒழுங்குதான் அதன் பலம். ஆனால் மனிதர்கள் ஒரே ஒழுங்கில் பிறப்பதில்லை. ஒருவருக்கு நீரிழிவு, இன்னொருவருக்கு ஆஸ்துமா. ஒருவர் கர்ப்பிணி, இன்னொருவர் எண்பது வயது முதியவர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே அட்டவணை போட்டால், ஒருவருக்குத் தேவையான பத்தி மற்றவருக்குக் காலியாகக் கிடக்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒரு மருத்துவமனையில் 100,000 நோயாளிகள் இருப்பதாகக் கொள்வோம். கேட்கக்கூடிய தகவல்கள், செய்யக்கூடிய பரிசோதனைகள் என மொத்தம் 300 பத்திகள். சராசரியாக ஒருவருக்கு 15 பத்திகளில்தான் தகவல் இருக்கிறது. மொத்தக் கட்டங்கள் 3 கோடி. நிரம்பியவை 15 லட்சம். அதாவது நூற்றுக்கு ஐந்து. மீதி 95 விழுக்காடு வெறும் காலி. இதை எப்படி வைப்பது?

முதல் வழி: அகன்ற அட்டவணை

முதல் வழி, 300 பத்திகளையும் ஒரே அட்டவணையில் வைத்துவிடுவது. இதைக் கேட்டவுடன் பலரும் எழுப்பும் மறுப்பு, "இவ்வளவு இடம் வீணாகுமே" என்பதுதான். உண்மையில் அப்படி வீணாவதில்லை. எடுத்துக்காட்டாக, பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், காலியான கட்டத்துக்கு இடமே ஒதுக்குவதில்லை. எந்தக் கட்டம் நிரம்பியது, எது காலி என்பதைக் குறிக்க வரியின் தொடக்கத்தில் பத்திக்கு ஒரு பிட் வீதம் ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. 300 பத்திகளுக்கு 38 பைட். 100,000 நோயாளிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுதான் இது.

அகன்ற அட்டவணைக்கு வேறு நன்மைகளும் உண்டு. ஒவ்வொரு பத்திக்கும் தனி விதி போடலாம். தேதிப் பத்தியில் "போன வாரம்" என்று எழுத முடியாது. இரத்த அழுத்தப் பத்தியில் எண்ணைத் தவிர வேறெதுவும் நுழையாது. ஒருவரைப் பற்றிய எல்லாம் ஒரே வரியில் கிடைப்பதால் படிப்பதும் எளிது.

ஆனால் மருத்துவம் நின்றுவிடுவதில்லை. புதிதாக ஒரு பரிசோதனை வந்தால் அட்டவணையின் அமைப்பையே மாற்ற வேண்டும். பத்திகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸில் அதிகபட்சம் 1,600. மைக்ரோசாப்ட் எஸ்.கியூ.எல். சர்வரில் சாதாரண அட்டவணைக்கு 1,024. இத்தகைய தகவலுக்கென்றே அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் தனி வகைப் பத்தியை அறிமுகப்படுத்தியது. அவ்வகையில் 30,000 பத்திகள் வரை வைக்கலாம். காலிக் கட்டம் இடம் எடுக்காது. அதற்குப் பதிலாக, நிரம்பிய ஒவ்வொரு கட்டமும் கூடுதலாக 4 பைட் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருந்தால்தான் இதில் லாபம், இல்லாவிட்டால் நட்டம்.

"நல்" என்ற புதிர்

அகன்ற அட்டவணையின் பெரிய குறை இடமும் அல்ல, வரம்பும் அல்ல. காலிக் கட்டத்தைக் குறிக்கக் கணினியில் வழங்கும் சொல் "நல்". தமிழில் நல் என்றால் நல்லது. ஆனால் இந்த நல் எப்போதும் நல்லதாக அமைவதில்லை. இது பூச்சியமும் அல்ல, வெறும் இடைவெளியும் அல்ல. இங்கே மதிப்பு இல்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே.

கணினிக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள்தாம் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. எஸ்.கியூ.எல். மொழியில் மூன்றாவது விடை ஒன்றும் இருக்கிறது. அதுதான் "தெரியவில்லை". 1,000 நோயாளிகளில் 200 பேர் புகைப்பவர்கள் என்றும், 500 பேர் புகைக்காதவர்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. 300 பேரின் கட்டம் காலி. புகைப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் 200 என்று விடை வரும். சரி, "ஆம் என்று பதிவாகாதவர்கள்" எத்தனை பேர் என்று வழக்கமான முறையில் கேட்டால்? 800 என்று எதிர்பார்ப்போம். வருவது 500. அந்த 300 பேர் இரண்டு பட்டியலிலும் இல்லை. கணினி பிழை என்று எச்சரிக்கையும் விடுக்காது. ஒரு மருத்துவமனை இந்த எண்ணை வைத்துத் திட்டம் தீட்டினால், 300 மனிதர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோயிருப்பார்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரே காலிக் கட்டத்துக்குக் குறைந்தது மூன்று பொருள் இருக்கலாம். ஒன்று, யாரும் கேட்கவில்லை. இரண்டு, கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. மூன்று, இந்தக் கேள்வியே அவருக்குப் பொருந்தாது. ஓர் ஆணின் பதிவில் "கர்ப்பமாகி எத்தனை வாரம்" என்ற கட்டம் காலியாக இருப்பது மூன்றாவது வகை.

இந்த வேறுபாட்டை நம்மவர்கள் தங்கள் பெயரிலேயே பார்த்திருக்கிறார்கள். மலேசிய அடையாள அட்டையில் முழுப்பெயர் ஒன்றாகவே இருக்கும். ஏ/எல், ஏ/பி என்று தந்தை பெயர் தொடரும். குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலான தமிழர்களுக்கு இல்லை. ஆனால் மேலைநாட்டு அட்டவணைகளில் முதற்பெயருக்கு ஒரு பத்தி, குடும்பப் பெயருக்கு ஒரு பத்தி. கடப்பிதழில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராக வைக்கப்பட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் இடப்படுகின்றன. "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. தெரியாமல் ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. பொருந்தாத கட்டத்தைத் தெரியாத கட்டமாக அட்டவணை மாற்றிவிட்டது.

இதை எட்கர் காட் உணர்ந்தே இருந்தார். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், இருக்க வேண்டிய தகவல் இல்லாததற்கு ஒரு குறி, பொருந்தாத தகவலுக்கு இன்னொரு குறி என இரண்டு வேண்டும் என்றார். அவருடைய சகாவான சி.ஜே. டேட், நல் என்பதே வேண்டாம், அதைத் தவிர்த்து அட்டவணைகளை அமையுங்கள் என்று வாதிட்டார். ஆனால் நடைமுறைக்கு வந்த எஸ்.கியூ.எல். மொழியில் ஒரே ஒரு நல்தான் நிலைத்தது. ஆகவே, வேறுபாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு வடிவமைப்பாளர் தலையில் விழுந்தது.

இரண்டாவது வழி: பிரித்து வைப்பது

டேட் போன்றோர் காட்டும் வழி, பெரிய அட்டவணையைப் பல சிறு அட்டவணைகளாகப் பிரிப்பது. எல்லாருக்கும் பொதுவானவை ஓர் அட்டவணையில். மகப்பேறு விவரம் தனி அட்டவணையில், நீரிழிவு விவரம் இன்னொன்றில். கர்ப்பிணியாக உள்ளவருக்கு மட்டுமே மகப்பேறு அட்டவணையில் வரி இருக்கும். அங்கே எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று கண்டிப்பான விதியே போடலாம். பொருந்தாத கட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விலை என்ன? அட்டவணைகள் பெருகிவிடும். ஒரு நோயாளியின் முழுப் படத்தைப் பார்க்க நாற்பது அட்டவணைகளை இணைக்க வேண்டிவரலாம். எழுதுபவருக்கும் வேலை, கணினிக்கும் வேலை. அப்படி இணைக்கும்போது, வரி இல்லாத இடங்களில் எல்லாம் நல் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்வாசலில் துரத்தியது பின்வாசல் வழியாக வந்த கதைதான். மேலும், நீரிழிவு அட்டவணையில் ஒருவருக்கு வரி இல்லை என்றால், நீரிழிவு இல்லை என்று பொருளா, இன்னும் பரிசோதிக்கவில்லை என்று பொருளா? கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றாவது வழி: உயர்ந்த அட்டவணை

மூன்றாவது வழி முற்றிலும் வேறுபட்டது. 300 பத்திகளுக்குப் பதிலாக மூன்றே பத்திகள்: யார், எது, எவ்வளவு. நோயாளி 512, இரத்தச் சர்க்கரை, 7.8 என்று ஒரு வரி. நோயாளி 512, எடை, 68 என்று அடுத்த வரி. தகவல் இருந்தால் வரி உண்டு. இல்லையென்றால் வரியே இல்லை. அட்டவணை அகலமாகப் பரவாமல் கீழ்நோக்கி வளர்கிறது.

இம்முறை மருத்துவத் துறையில்தான் வேரூன்றியது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள எல்.டி.எஸ். மருத்துவமனையில், ஹோமர் வார்னர் குழுவினர் 1960களில் தொடங்கி உருவாக்கிய ஹெல்ப் என்ற அமைப்பு இதற்கு முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஆயிரக்கணக்கான பரிசோதனைகளில் ஒருவருக்குச் சில மட்டுமே செய்யப்படும் இடத்தில் இம்முறை பொருந்தியதில் வியப்பில்லை. இணையக் கடைகளுக்கான மஜெந்தோ மென்பொருளும் 2008இல் இதே முறையோடு வந்தது. சேலைக்கு நீளமும் கரையும் வேண்டும். தொலைபேசிக்கு மின்கலமும் திரையும் வேண்டும். கடைக்காரர் புதிதாக ஒரு விவரம் சேர்க்க நினைத்தால், அட்டவணையைத் தொடாமலே சேர்த்துவிடலாம். இதுதான் இம்முறையின் பெரிய கவர்ச்சி.

இடம் மிச்சமாகும் என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரிக்கும், உள்ளே என்ன இருந்தாலும், நிர்வாகச் செலவாக 28 பைட் போகிறது. நமது கணக்கில் 15 லட்சம் வரிகள். 42 மெகாபைட். அத்துடன் நோயாளி எண்ணையும் விவரத்தின் எண்ணையும் ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுத வேண்டும். அதற்கு இன்னொரு 12 மெகாபைட். 300 பத்தி அகன்ற அட்டவணையில் காலிக் கட்டங்களைக் குறிக்க ஆன செலவோ ஏறத்தாழ 4 மெகாபைட். வரிகளுக்கான நிர்வாகச் செலவைச் சேர்த்தாலும் 7 மெகாபைட்டைத் தாண்டாது.

அடுத்த விலை, விதிகள் கைவிட்டுப் போவது. எண், தேதி, எழுத்து எல்லாம் ஒரே பத்தியில் விழுவதால், அதை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10 முன்னால் வரும், 9 பின்னால் போகும். மஜெந்தோ இதைச் சமாளிக்க, எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று எனத் தனித்தனி அட்டவணைகள் வைத்தது. "ஒவ்வாமை பற்றிக் கட்டாயம் கேட்டாக வேண்டும்" என்ற விதியையும் இங்கே அட்டவணையில் எளிதாகப் போட முடியாது. இல்லாத வரியை எப்படிக் கட்டாயப்படுத்துவது? பெயர்ப் பட்டியலைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால், ஒருவர் நீரிழிவு என்று எழுதுவார், இன்னொருவர் சர்க்கரை வியாதி என்பார், மூன்றாமவர் இனிப்பு நீர் என்பார். கணினிக்கு இவை மூன்று நோய்கள்.

கேள்வி கேட்பதும் கடினம். "அறுபது வயதைக் கடந்த, நீரிழிவு உள்ள, எடை 80 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் யார்?" என்று கேட்க, அகன்ற அட்டவணையில் ஒரு வரியைப் பார்த்தால் போதும். இங்கே ஒரே அட்டவணையை மூன்று முறை தன்னோடு தானே இணைக்க வேண்டும். இதனால்தான், பொருள் விவரங்களைப் படிப்பதற்கென்று மீண்டும் அகன்ற அட்டவணையாக நகலெடுத்து வைக்கும் வசதியும் மஜெந்தோவில் சேர்க்கப்பட்டது.

நான்காவது வழி: ஒரு பையில் போட்டு வைப்பது

அண்மைக் காலத்தில் பரவிய வழி, முக்கியமானவற்றைப் பத்திகளாக வைத்து, அரிதானவற்றை எல்லாம் ஜேசன் என்ற வடிவில் ஒரே பத்தியில் போட்டு வைப்பது. பெயரும் மதிப்பும் எழுதிய சீட்டுகளை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை வரியோடு கட்டிவிடுவது போன்றது இது. போஸ்ட்கிரெஸ் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலும், மைஎஸ்.கியூ.எல். 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இதற்கென்று தனி வகைகளைக் கொண்டு வந்தன. போஸ்ட்கிரெஸில் பைக்குள் இருப்பதைத் தேடச் சுட்டுவரிசையும் அமைக்கலாம்.

ஒருவரின் தகவல் சிதறாமல் ஒரே வரியில் இருக்கிறது. புதிய விவரத்தைச் சேர்ப்பதும் எளிது. ஆனால் ஒவ்வொரு பையிலும் சீட்டின் பெயர் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஒரு சீட்டைத் திருத்தினாலும் போஸ்ட்கிரெஸ் வரியைப் புதிதாக எழுதுகிறது. பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற விதி, தனியாகச் சேர்க்காவிட்டால், நிரல் எழுதியவரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் விதியும் அவரோடு போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நான்கு வழிகளையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். இடத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் சிறியது. உண்மையான பேரம், விதிகளை யார் சுமப்பது என்பதில்தான் இருக்கிறது. அகன்ற அட்டவணையிலும் பிரித்த அட்டவணைகளிலும் விதிகளைத் தரவுத்தளம் சுமக்கிறது. மாற்றம் செய்வது கடினமாகிறது. உயர்ந்த அட்டவணையிலும் பையிலும் மாற்றம் எளிதாகிறது. விதிகளை நிரல் எழுதுபவரும் பயன்படுத்துபவரும் சுமக்கிறார்கள்.

ஆகவே ஒரே வழியை எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. எல்லாருக்கும் இருப்பதும், அடிக்கடி தேடப்படுவதும், தவறினால் ஆபத்தானதும் பத்தியாகவே இருக்கட்டும். ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதைத் தனி அட்டவணையில் வைக்கலாம். நாள்தோறும் புதிது புதிதாக வரும் பரிசோதனை முடிவுகளுக்கு உயர்ந்த அட்டவணை பொருந்தும். எப்போதாவது பார்க்கப்படும் குறிப்புகளுக்குப் பை போதும்.

எந்த வழியானாலும் காலிக் கட்டத்தைப் பேச வைக்க வேண்டும். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எச்.எல்.7 என்ற அனைத்துலகத் தர நிர்ணயத்தில், வெற்றிடத்துக்கே பல வகைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. கேட்கவில்லை, கேட்டும் தெரியவில்லை, பொருந்தாது, மறைக்கப்பட்டது என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. அதன் புதிய தலைமுறையான ஃபயர் தரத்தில், "அறியப்பட்ட ஒவ்வாமை எதுவும் இல்லை" என்பதையே ஒரு பதிவாக எழுதி வைக்கலாம். இல்லை என்பதும் ஒரு தகவல்தான் என்பது இதன் அடிப்படை.

ஒரு சிறிய கிளினிக்கும் இதைச் செய்யலாம். ஒவ்வாமை தரும் மருந்துகளின் பெயர்களைத் தனி அட்டவணையில் வைக்க வேண்டும். அத்துடன் நோயாளி அட்டவணையில் "ஒவ்வாமை நிலை" என்று ஒரே ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதைக் காலியாக விட அனுமதி இல்லை. கேட்கவில்லை, இல்லை, உண்டு, தெரியவில்லை என்ற நான்கில் ஒன்று கட்டாயம். புதிய பதிவு திறக்கும்போது தானாகவே "கேட்கவில்லை" என்று இருக்கும். ஆளுக்கு ஒரு பைட் செலவு. 100,000 பேருக்கு ஒரு மெகாபைட்டில் பத்தில் ஒரு பங்கு.

கணினி பயிலும் மாணவர்களும், கடைக்கோ சங்கத்துக்கோ பதிவேடு தயாரிப்பவர்களும் அட்டவணை வரையும் முன், ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நூறு பேரில் எத்தனை பேருக்கு இது காலியாக இருக்கும்? காலியாக இருந்தால், அதைப் பார்ப்பவர் என்னவென்று நினைப்பார்? முதல் கேள்விக்கான விடை எந்த வகை அட்டவணை என்பதைச் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காத பத்தியில், "கேட்கவில்லை" என்ற சொல்லை எழுத ஓர் இடம் ஒதுக்கிவிட வேண்டும். நள்ளிரவில் திரையைப் பார்க்கும் மருத்துவர் அந்தச் சொல்லைக் கண்டால், ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் கேட்பார்.